ஓட்டில் 1865 என்று இருந்தால் மில்லுக்கு வயசு 160 ஆகிவிடுமா?

கிட்டங்கிச்சந்து
ஞாயிறு, இரவு 9.40

எங்க அம்மிச்சி ஊர் பல்லடத்துக்குத் தெற்கே இருக்கிறது. ஊர் என்றால் நூறு வீடு, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு நூல் மில், அவ்வளவுதான். மில் ஓடின காலத்தில் அதன் சங்குச் சத்தத்தை வைத்துத்தான் சுத்துப்பட்டுத் தோட்டங்களில் மாட்டுக்குத் தண்ணி காட்டுவார்களாம். இப்போது மில் மூடி, மிஷினெல்லாம் எடைக்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பது கட்டிடங்கள்தான். ரம்பப்பல் கூரை போட்ட பெரிய ஷெட், மச்சு வைத்த ஆபீஸ், சரக்குப் போட்டுவைக்கிற இரண்டு கிட்டங்கி, டைம் ஆபீஸ், ரீலிங் ஷெட், பின்னால் தொழிலாளிகள் குடியிருந்த இரண்டு வரிசை லைன் வீடு, கேட்டுக்குப் பக்கத்தில் பிள்ளையார். தை பிறந்ததும் இடித்துவிட்டு சைட் போடப் போவதாகப் பேச்சு.

போன வாரம் லைன் வீட்டுக் கூரையிலிருந்து ஓடு ஒன்று சரிந்து விழுந்தது. திருப்பிப் பார்த்தால் அடியில் இங்கிலீஷில் பாசல் மிஷன், மங்களூர், 1865 என்று அச்சு. மாமா அன்றைக்குப் பொழுதோடவே ஊர் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார்: “160 வருஷப் பழைய மில், தென்னாட்டிலேயே முதல் மில்.” அது நாலு குரூப் சுற்றி எனக்கே திரும்பி வந்துவிட்டது. உண்மையாக இருக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஊர்ப் பேர் கேட்க வேண்டாம், விலைப் பேச்சு நடக்கிறது.

ஓட்டுவில்லை
ஞாயிறு, இரவு 10.15

மாமா கோவிச்சுக்காமல் இருக்கட்டும். 1865 என்பது பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கின வருஷம். நம்ம ஊர் ஜவுளிக்கடை போர்டில் கடை ஆரம்பித்த வருஷத்தைப் போட்டுக்கொள்வார்களே, அந்த மாதிரி அவர்களும் ஓட்டில் அச்சடித்தார்கள். 1900இல் சுட்ட ஓட்டிலும் 1865 இருக்கும், 1910இல் சுட்டதிலும் இருக்கும்.

கோயமுத்தூரின் முதல் பஞ்சாலையான ஸ்டேன்ஸ் மில்லே 1888இல் வந்ததுதான். போத்தனூருக்கு ரயில் வந்தது 1862வாக்கில். ரயில் வந்து மூணே வருஷத்தில் பல்லடத்துக்குத் தெற்கே மாட்டு வண்டியில் மிஷின் இறக்கி மில் ஓட்டினார்கள் என்றால் நம்புகிற மாதிரி இல்லை.

ஆனால் அந்த ஓடு சும்மாவும் இல்லை. முதல் உலகப்போர் சமயத்தில் பாசல் மிஷன் ஆலைகளை ஆங்கில அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அப்புறம் அவை காமன்வெல்த் டிரஸ்ட் பேரில் நடந்தன. ஆகவே மிஷன் பேர் போட்ட ஓடு போருக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். கேள்வி என்னவென்றால், லைன் வீட்டுக்கு அவ்வளவு பழைய ஓடு எப்படி வந்தது? ஓடு கால் முளைத்து நடக்கிற சாமான். ஒரு கூரையைப் பிரித்தால் இன்னொரு கூரைக்குப் போய்விடும்.

கிட்டங்கிச்சந்து
திங்கள், காலை 7.05

மாமாவிடம் சொன்னேன். “மங்களூர்க்காரன் பொய் சொல்வானா?” என்று கேட்டுவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

சரி, ஓடு வேண்டாம். வேறு எதை வைத்துக் காலம் சொல்வது? பத்திரம் எதுவும் என் கையில் இல்லை.

பழையபிட்டர்
திங்கள், காலை 11.30

தம்பி, நான் 34 வருஷம் மில்லில் பிட்டர் வேலை பார்த்தவன். உங்க ஊர் மில் இல்லை, பீளமேட்டுப் பக்கம். முதலில் ஒன்று சொல்லுங்கள். புகைபோக்கி இருக்கிறதா?

கேட்பதற்குக் காரணம் உண்டு. பழைய மில்கள் நீராவி இஞ்சினில் ஓடின. பாய்லர் இருந்தால் உயரமான செங்கல் புகைபோக்கி இருந்தே ஆகவேண்டும். 1932-33இல் நீலகிரி மலையில் பைக்காரா ஆற்றுத் தண்ணியில் எடுத்த கரண்ட் கீழே இறங்கியது. அதற்கப்புறம்தான் கோயமுத்தூரைச் சுற்றி மழைக்காளான் மாதிரி மில் முளைத்தது. டவுனில் மட்டும் இருந்த மில்கள் கிராமத்துக்குள் வந்ததும் அந்தக் கரண்டால்தான். நிலக்கரியை வண்டி வைத்து இழுக்க வேண்டியதில்லை பாருங்கள். அதனால் கிராமத்து நூல் மில்லில் புகைபோக்கி இல்லையென்றால், பெரும்பாலும் அது பைக்காராவுக்குப் பிந்திய பிள்ளை.

அடுத்தது ஷெட்டுக்குள் போய்த் தூணைப் பாருங்கள். வார்ப்பிரும்புத் தூண்தானே? தலைக்கு மேலே, ஆள் கை தூக்கினாலும் எட்டாத உயரத்தில், போல்ட் துளை போட்ட தட்டையான முகம் ஒன்று இருந்தால் அங்கே லைன் ஷாப்ட் ஓடியிருக்கிறது. ஒரே மோட்டார் ஷாப்டைச் சுற்றும், ஷாப்டிலிருந்து ஒவ்வொரு மிஷினுக்கும் பெல்ட் இறங்கும். அப்புறம் வந்த மில்களில் மிஷினுக்கு ஒரு மோட்டார், தூண் வழவழவென்று இருக்கும்.

ரம்பப்பல் கூரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சரிவுப் பக்கம் ஓடோ ஷீட்டோ, செங்குத்துப் பக்கம் கண்ணாடி. கண்ணாடி வடக்கே பார்த்து இருக்கும். நேர் வெயில் உள்ளே விழாமல், நிழல் இல்லாத வெளிச்சம் வரும். இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. இது சீமையில் யோசித்துச் செய்த கூரை. அங்கே சூரியன் என்றைக்கும் தெற்கேதான் நிற்கும். நமக்கு அப்படியா? சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி பிறக்கிற வரைக்கும் உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கே சாய்ந்து நிற்கிறது. அந்த மாசங்களில் கண்ணாடி வழியாக வெயில் நேரே ரிங் பிரேம் (நூல் நூற்கிற மிஷின்) மேலே இறங்கும். நாங்கள் ஆளை ஏற்றிக் கண்ணாடிக்குச் சுண்ணாம்பு அடிக்க விடுவோம். மழை வந்து கழுவிவிட்டுப் போகும். அடுத்த வருஷம் மறுபடி அடிப்போம்.

இரண்டு பல்லுக்கு நடுவே விழும் மழைத்தண்ணி எங்கே போகிறது தெரியுமா? சில மில்களில் அந்த வார்ப்பிரும்புத் தூணே குழாய். உள்ளே கூடு. மேலே வாய்க்காலில் விழுந்த தண்ணி தூணுக்குள் இறங்கி, தரைக்கடியில் சாக்கடைக்குப் போய்விடும். மழைக்காலத்தில் தூணில் காது வைத்தால் சளசளவென்று கேட்கும். சேர்ந்த புதிதில் நானே பயந்திருக்கிறேன்.

கிட்டங்கிச்சந்து
திங்கள், இரவு 8.50

ஐயா, புகைபோக்கி இல்லை. தூணில் போல்ட் துளை இருக்கிறது, நேற்று எடுத்த போட்டோவில் தெரிகிறது.

ஒரு குழப்பம். பெரிய ஷெட்டுக்கு மேற்கே இருக்கிற கிட்டங்கிக்கு ஒட்டினாற்போல் சின்ன அறை ஒன்று உண்டு. ஊரில் அதை ‘இஞ்சின் ரூம்’ என்கிறார்கள். உள்ளே இடுப்பு உயரத்துக்குக் கருங்கல் மேடை, அதில் என் கட்டைவிரல் தடிமனுக்கு நாலு இரும்புத் தண்டு நீட்டிக்கொண்டு நிற்கிறது. கரண்ட் மில் என்றால் இஞ்சின் எதற்கு?

பழையபிட்டர்
திங்கள், இரவு 9.20

அப்படிப் போடுங்க! அது ஆயில் இஞ்சின் மேடை. அந்த இஞ்சினுக்குப் பெரிய புகைபோக்கி வேண்டாம், கூரை வழியாக ஒரு குழாய் போதும். நூல் மில் வருவதற்கு முன்னால் அங்கே ஜின்னிங் பேக்டரி ஓடியிருக்கிறது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கரிசல் பக்கத்துப் பருத்தியைக் கொட்டை நீக்கிப் பொதி கட்டித் திருப்பூருக்கு அனுப்புவது அந்தக் காலத்தில் நல்ல தொழில். கரண்ட் வந்ததும் அதே முதலாளி பக்கத்திலேயே நூல் மில் போட்டிருப்பார். நீங்கள் கிட்டங்கி என்று சொல்கிற கட்டிடம்தான் அந்த வளாகத்திலேயே மூத்தது. அதன் கூரை என்ன?

கிட்டங்கிச்சந்து
திங்கள், இரவு 9.31

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்.

சுக்காங்கல்
செவ்வாய், காலை 6.45

கட்டிட வேலைக்காரன் என்ற முறையில் ஆபீஸைப் பற்றிச் சொல்கிறேன். மச்சு என்றீர்களே, கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தேக்குக் கட்டை வரிசையும், நடுநடுவே சாய்வாக அடுக்கிய சின்னச் செங்கல்லும் தெரிகிறதா? தெரிந்தால் அது மெட்ராஸ் டெரஸ். அச்சுக்கல் என்று ஒரு மெல்லிசான கல் உண்டு. அதை நட்டுக்குத்தாக நிறுத்தி, ஒரு மூலையிலிருந்து கோணலாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிக்கொண்டே போவார்கள். அடியில் பலகை முட்டு கிடையாது. கல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரத் தட்டுப்பலகையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காய்த் தண்ணியும் வெல்லத்தண்ணியும் தெளித்துத் தெளித்துத் தட்டினால் அது கல்லாகிவிடும். அப்புறம் தட்டோடு.

நம் பக்கத்துச் சுண்ணாம்பு சுக்காங்கல்லைச் சுட்டு எடுத்தது. மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வந்தது 1934இல். அதனால் சுண்ணாம்புக் கட்டிடம் என்றால் உடனே 1934க்கு முந்தியது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அது தப்பு. சிமெண்ட் கிடைத்த பிறகும் கொத்தனார்கள் பல வருஷம் சுண்ணாம்பை விடவில்லை, போர்க்காலத்தில் சிமெண்ட் கிடைக்கவும் இல்லை. மச்சில் தேக்குக்குப் பதிலாக இரும்பு உத்தரம் இருந்தால் அதன் பக்கவாட்டைத் துடைத்துப் பாருங்கள். டார்மன் லாங், மிடில்ஸ்பரோ, இங்கிலாந்து என்று எழுத்து புடைத்துக்கொண்டு இருக்கலாம்.

யாராவது சுவரைச் ‘சரிபண்ண’ சிமெண்ட் பூசியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் உப்புப் பூத்து உதிரும். எங்கள் சொந்த வீட்டில் நானே அந்தத் தப்பைச் செய்து, ஆசாரத்துச் சுவர் முழுக்க இரண்டு தடவை கொத்திவிட்டேன்.

ஈரோட்டான்
செவ்வாய், மதியம் 1.10

இவ்வளவு ஆராய்ச்சி எதுக்குங்க? மூடின மில், பாம்பு அடையுது. சைட் போட்டால் நாலு குடும்பம் வீடு கட்டும். உங்க மாமாவுக்கும் ரெண்டு காசு வரும்.

கிட்டங்கிச்சந்து
செவ்வாய், மதியம் 1.25

மில் எங்க மாமாவுடையது இல்லைங்க. மாமா அங்கே கேன்டீனில் காய் நறுக்கினவர்.

ரீலிங்மகள்
செவ்வாய், இரவு 10.30

ஊர்ப் பேரைச் சொல்லாவிட்டாலும் சங்கும் மாட்டுத் தண்ணியும் காட்டிக் கொடுத்துவிட்டது. எங்க ஊரேதான். அம்மா அங்கே ரீலிங்கில் 19 வருஷம் இருந்தார். நான் பிறந்தது லைன் வீடு கீழ்வரிசையில்.

இரண்டு நாளாகப் படிக்கிறேன். ஷெட், தூண், மச்சு, உத்தரம் எல்லாம் வந்துவிட்டது. லைன் வீட்டைப் பற்றி இன்னும் ஒரு வரிகூட யாரும் கேட்கவில்லை. வந்ததெல்லாம் அதன் மேலிருந்து விழுந்த ஓடுதான். நானே சொல்கிறேன். ஒரு அறை, முன்னால் ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்குத் திண்ணை, பின்னால் பொடக்காலி. எட்டு வீட்டுக்கு ஒரு பைப். வீட்டுக்கு வீடு நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது, ஓட்டுக்குக் கீழே முழங்கை அளவு திறப்பு விட்டிருப்பார்கள், காற்றுக்காக. அதனால் ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் எட்டு வீட்டுக்கும் வாசம். எங்கள் வீட்டுச் சண்டையும் அப்படித்தான் போகும். அரை நைட் முடிந்து வந்த ஆள் தூங்குவார் என்று பகலில் குசுகுசுவென்று பேசிப் பழகினவர்கள் நாங்கள். இன்றைக்கும் போனில் நான் பேசுவது எதிராளிக்குக் கேட்பதில்லை.

ரீலிங் என்றால் என்ன என்று சின்னவர்களுக்குத் தெரியாது. கைத்தறிக்காரருக்குக் கோனில் நூல் கொடுத்தால் சாயம் முக்க முடியாது, வளையமாகச் சுற்றின சிட்டமாகத்தான் வேண்டும். அப்படிச் சுற்றுவதுதான் ரீலிங். ஒரு சிட்டம் 840 கெஜம். ஒரு பவுண்டு நூலில் எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுதான் கவுண்ட். நாற்பதாம் நம்பர் என்றால் நாற்பது சிட்டம். சென்னிமலைக்கும் பவானிக்கும் நூல் அப்படித்தான் போனது. எங்கள் ரீலிங் ஷெட்டில் வேலை செய்தது முழுக்கப் பெண்கள். அந்த ஷெட்டின் கிழக்குச் சுவரில், தோள் உயரத்துக்குப் பென்சிலில் கோடுகோடாக இருக்கும். ஒரு கோடு ஒரு கட்டு. மேஸ்திரி கணக்கைக் குறைத்து எழுதுவார் என்று அவரவர் சுவரில் தனிக்கணக்கு வைத்துக்கொண்டார்கள். அம்மா இடதுகைக்காரர், அவர் கோடு மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். வெள்ளையடிக்காமல் இருந்தால் போட்டோ எடுத்துப் போடுங்கள் தம்பி.

அப்புறம் ஓடு. அம்மாவைக் கேட்டேன். மேற்குக் கிட்டங்கிக்கு ஷீட் போட்ட வருஷம், அதிலிருந்து இறக்கின சீமை ஓட்டைப் பெண்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி லைன் வீட்டுக்குக் கொண்டுபோனார்களாம். அதுவரை லைன் வீட்டுக்கு நாட்டோடுதான். அந்த ஒரு நாளுக்குக் கூலி கொடுக்கவில்லை, பொரியும் காபியும்தான் கொடுத்தார்கள் என்று இன்னும் திட்டுகிறார்.

ஓட்டுவில்லை
செவ்வாய், இரவு 10.52

அக்கா, உங்க அம்மாவுக்கு ஒரு கும்பிடு. ஜின்னிங் பேக்டரிக் கூரை போருக்கு முந்திய ஓடு, அது லைன் வீட்டுக்கு நடந்து போயிருக்கிறது. இனி மாமா தாராளமாகக் குரூப்பில் போடலாம், 160ஐ மட்டும் எடுத்துவிடட்டும்.

கம்பளிப்பூச்சி
புதன், காலை 9.15

கிட்டங்கிக்குள் சுவரில் ஏதாவது எழுத்து இருக்கிறதா பாருங்கள். எங்கள் பக்கத்து மில்லில் ஒவ்வொரு பத்திக்கு மேலேயும் பஞ்சு ரகத்தைப் பெயிண்டில் எழுதியிருந்தார்கள். கருங்கண்ணி என்று இருந்தால் நம் கரிசல் மண்ணின் பழைய ரகம். கம்போடியா என்றால் 1900க்கு அப்புறம் வெளியிலிருந்து வந்து கிணற்றுப் பாசனத்தில் பிடித்துக்கொண்டது. கோயமுத்தூரில் கம்போடியா மில் என்றே ஒன்று இருந்தது. எம்.சி.யு. 5 என்று இருந்தால் அந்தப் பெயிண்ட் 1968க்கு முன்னால் அடித்திருக்க முடியாது, ரகமே அந்த வருஷம்தான் வெளிவந்தது. சுரண்டிவிடாதீர்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் அடி எழுத்து தெரியும்.

மூணுவருஷம்
புதன், இரவு 11.40

புது ஐடி. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

உங்கள் பட்டியலில் ஒரு கட்டிடம் விட்டுப்போயிருக்கும் என்று நினைக்கிறேன். 2000க்கு அப்புறம் நம் பக்கத்தில் பல மில்களில் பெண் பிள்ளைகளுக்கு ஹாஸ்டல் கட்டினார்கள். மூணு வருஷம் வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, வெளி மாவட்டங்களிலிருந்து கூட்டி வருவார்கள். நான் அப்படி ஒரு மில்லில் (உங்களுடையது இல்லை) இரண்டரை வருஷம் இருந்தேன். உடம்பு முடியாமல் ஊருக்குப் போனதும் மொத்தப் பணம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஹாலோ பிளாக் சுவர், ஜன்னல் எல்லாம் தலைக்கு மேலே, காம்பவுண்டு மேலே கண்ணாடிச் சில்லு. அழகில்லாத கட்டிடம்தான். சிமெண்டுதான், தேக்கு இல்லை. அதையும் போட்டோ எடுப்பீர்களா?

கிட்டங்கிச்சந்து
வியாழன், காலை 6.30

இருக்கிறது. இரண்டாவது கிட்டங்கிக்குப் பின்னால், மாடி போட்டது. அது ‘புதுசு’ என்று நான்தான் பட்டியலில் விட்டுவிட்டேன். எடுக்கிறேன்.

சுக்காங்கல்
வியாழன், காலை 8.00

புதுக் கட்டிடத்தைச் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. பாரம்பரியம் என்றால் ஒரு வயசு வரம்பு வேண்டும். 1958ஆம் வருஷத்து மத்தியச் சட்டத்தில் நூறு வருஷம் என்று இருக்கிறது.

ரீலிங்மகள்
வியாழன், காலை 8.20

அந்தக் கணக்குப்படி பார்த்தால் நீங்கள் நாலு நாளாக எழுதின ஷெட்டும் ஆபீஸும்கூடத் தேறாது அண்ணா. பைக்காராவுக்கு அப்புறம் என்றால் இன்னும் நூறு ஆகவில்லை. சின்னியம்பாளையத்து ரங்கவிலாஸ் மில் தொழிலாளிகள் நாலு பேரை 1946 ஜனவரி 8ஆம் தேதி தூக்கில் போட்டார்கள். அதற்கும்கூட நூறு வருஷம் ஆகவில்லை.

சுக்காங்கல்
வியாழன், காலை 8.41

சரி, ஒத்துக்கொள்கிறேன். சட்டத்தை நம்பி உட்கார்ந்தால் தை வந்துவிடும். மாநிலத்தில் 2012இல் பாரம்பரிய ஆணையச் சட்டம் போட்டார்கள். மனு கொடுப்பதில் தப்பில்லை, ஆனால் அதற்குள் ஜேசிபி வந்து நிற்கும். அளந்து வைத்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. நான் வருகிறேன், டேப் என்னுடையது. ஆபீஸ் தேக்கும் வார்ப்பிரும்புத் தூணும் முதலில் காணாமல் போகிற சாமான், எடைக்கும் பழைய மரக்கடைக்கும் போய்விடும். அதனால் அவற்றிலிருந்து தொடங்குவோம். ஷீட் கூரைப் பக்கம் உடைசல் கிடந்தால் யாரும் கையால் எடுக்கவோ பெருக்கவோ வேண்டாம், ஆஸ்பெஸ்டாஸ் தூசு நுரையீரலுக்கு ஆகாது. ஹாஸ்டலையும் அளக்கிறேன் அம்மணி.

கிட்டங்கிச்சந்து
ஞாயிறு, இரவு 9.10

இன்றைக்குப் பிட்டர் ஐயாவும் சுக்காங்கல் அண்ணனும் வந்திருந்தார்கள். வாட்ச்மேன் அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தால் போதும் என்று திறந்துவிட்டார்.

ஆபீஸ் உத்தரத்தில் இரண்டு இரும்பு. ஒன்றில் எழுத்தே இல்லை, இன்னொன்றில் பெயிண்டைத் துடைத்ததும் மிடில்ஸ்பரோ மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மேற்குக் கிட்டங்கியில் டார்ச் அடித்தோம். மேலே நீலத்தில் எம்.சி.யு. 5, அதற்கடியில் வேறு கையெழுத்தில் ‘கம்போ’ வரைக்கும் படிக்க முடிந்தது. அதற்கும் அடியில் ஏதோ கறுப்பாக இருக்கிறது, கருங்கண்ணி என்று மாமா சத்தியம் செய்கிறார். ஓட்டு விஷயத்துக்கு அப்புறம் அவர் சத்தியத்தை நாங்கள் எழுதிக்கொள்ளவில்லை.

தூண் சமாசாரம். வாட்ச்மேன் அண்ணன் மகன் கூரை வாய்க்காலில் ஏறி, தூண் வாயில் அடைத்திருந்த புறாக்கூட்டை எடுத்துவிட்டு ஒரு குடம் தண்ணி ஊற்றினான். பிட்டர் ஐயா கீழே தூணில் காதை ஒட்டிக்கொண்டு நின்றார். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். நாங்களும் ஆளுக்கொரு பக்கம் காது வைத்தோம். தண்ணி இறங்குகிற சத்தம். வெளியே சாக்கடைக் கல் மேல் துருப்பிடித்த கறுப்புத் தண்ணி கொஞ்சம் வந்தது, கூடவே பஞ்சு மாதிரி ஒரு கொத்து.

ரீலிங் ஷெட் கிழக்குச் சுவர் வெள்ளையடித்திருக்கிறது, அக்கா. ஆனால் வடக்கு மூலையில் பீரோ நின்ற இடத்தில் ஆள் அகலத்துக்கு அடிக்காமல் விட்டிருக்கிறார்கள். அங்கே கோடுகள் இருக்கின்றன, அஞ்சு அஞ்சாக. இடதுகைக் கோடு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. போட்டோ கீழே இருக்கிறது, அம்மாவிடம் காட்டிச் சொல்லுங்கள்.

லைன் வீடும் ஹாஸ்டலும் பாக்கி. வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு. வாட்ச்மேன் வீட்டு ஏணியில் மூணாவது படி இல்லை, யாராவது நல்ல ஏணி கொண்டுவாருங்கள்.

ரீலிங்மகள்
ஞாயிறு, இரவு 9.48

மேலிருந்து நாலாவது வரிசை. அம்மா கண்ணாடி போடாமலே காட்டினார். ஏணி நான் கொண்டுவருகிறேன், அம்மாவையும்.